கோலார் தங்கவயல் முதல் கல்குவாரி வரை: சுரங்கத் தொழிலாளிக்குப் பாதுகாப்புப் பயிற்சி ஏன் கட்டாயம்?

பெங்களூரு: சுரங்கத்திலோ கல்குவாரியிலோ புதிதாக வேலைக்குச் சேரும் தொழிலாளிக்கு, பணியில் இறங்குவதற்கு முன்பே பாதுகாப்புப் பயிற்சி அளிக்கப்பட வேண்டும் என்பது இந்தியாவில் சட்டப்படியான கட்டாயம். இந்தப் பயிற்சியில் என்ன கற்பிக்கப்படுகிறது, யாருக்கெல்லாம் இது பொருந்தும், பயிற்சி இல்லாத இடத்தில் என்ன நிகழ்கிறது என்பவை குறித்து இந்தச் செய்தித் தொகுப்பில் காணலாம்.

ஒரு மாத இடைவெளியில் இரு வெடிவிபத்துகள்

கர்நாடக மாநிலம் சிவமொக்கா அருகே உள்ள ஹுணசோடு கிராமத்தில், 2021ஆம் ஆண்டு ஜனவரி 21ஆம் தேதி இரவு, கல்குவாரிப் பயன்பாட்டுக்காக லாரியில் கொண்டுவரப்பட்ட வெடிபொருட்கள் வெடித்துச் சிதறின. குறைந்தது 5 பேர் உயிரிழந்தனர். அதிர்வு பல கிலோமீட்டர் தொலைவுக்கு உணரப்பட்டதால், நிலநடுக்கம் ஏற்பட்டதாக எண்ணி மக்கள் வீடுகளை விட்டு வெளியேறினர்.

அந்தத் துயரம் நிகழ்ந்து ஒரு மாதம் கடந்த நிலையில், பிப்ரவரி 23ஆம் தேதி அதிகாலை, பெங்களூருவுக்கு வடக்கே உள்ள சிக்கபள்ளாப்பூர் மாவட்டம் ஹிரேநாகவல்லி அருகே மற்றொரு விபத்து நேரிட்டது. சட்டவிரோதமாக வைக்கப்பட்டிருந்த ஜெலட்டின் குச்சிகளை அப்புறப்படுத்த முயன்றபோது அவை வெடித்ததில் 6 பேர் உயிரிழந்தனர்.

வெடிபொருளைச் சட்டவிரோதமாக வைத்திருந்தது குற்றம். அதற்கான பொறுப்பை நீதிமன்றங்களே முடிவு செய்யும். ஆனால், இரண்டாவது விபத்து மற்றொரு கேள்வியையும் எழுப்புகிறது. எஞ்சிய வெடிபொருளை யார் கையாளலாம், எப்படிக் கையாள வேண்டும் என்பது சுரங்கப் பாதுகாப்பின் அடிப்படைப் பாடங்களுள் ஒன்று. வெடிபொருளை உரிமம் பெற்ற கிடங்கில் மட்டுமே வைக்க வேண்டும். தகுதிச் சான்றிதழ் பெற்ற வெடிப்பாளர் மட்டுமே அதைக் கையாள வேண்டும். வேண்டாதவற்றை அதற்குரிய நடைமுறைப்படி மட்டுமே அழிக்க வேண்டும். இந்தப் பாடம் சென்று சேராத இடத்தில், ஒரு இரவு நேரக் கட்டளையே பலரது உயிரைப் பறிக்கப் போதுமானதாகிவிடுகிறது.

சட்டம் பிறந்த கதை

இந்தியாவில் சுரங்கப் பாதுகாப்புக்கென ஒரு சட்டம் தோன்றியதற்கும், தமிழர்கள் பெருமளவில் பணியாற்றிய கோலார் தங்கவயலுக்கும் நேரடித் தொடர்பு உண்டு.

பெங்களூருவிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில் உள்ள கோலார் தங்கவயலில், 1880களில் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற பிரிட்டிஷ் நிறுவனம் பெரிய அளவில் சுரங்கப் பணியைத் தொடங்கியது. அன்றைய வட ஆற்காடு, சேலம் மாவட்டங்களில் இருந்து ஆயிரக்கணக்கான தமிழ்க் குடும்பங்கள் அங்கு குடியேறின. 1897ஆம் ஆண்டு அங்கு நிகழ்ந்த விபத்தில் 52 பேர் உயிரிழந்தனர். அதே காலகட்டத்தில், தற்போது பாகிஸ்தானில் உள்ள பலுசிஸ்தானின் கோஸ்ட் நிலக்கரிச் சுரங்கத்தில் 47 பேர் மாண்டனர். இவ்விரு பேரிழப்புகளும் சட்டம் இயற்றும் பணியை விரைவுபடுத்தின. 1901ஆம் ஆண்டு முதல் சுரங்கச் சட்டம் நிறைவேறியது. 1902ஆம் ஆண்டு ஜனவரியில் சுரங்க ஆய்வுக்கெனத் தனி அலுவலகம் கொல்கத்தாவில் அமைக்கப்பட்டது. அதுவே பின்னாளில், தன்பாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்குநரகமாக வளர்ந்தது.

விடுதலைக்குப் பின்னர் 1952ஆம் ஆண்டு புதிய சுரங்கச் சட்டமும், அதன் கீழ் 1955ஆம் ஆண்டு சுரங்க விதிகளும், 1961ஆம் ஆண்டு உலோகச் சுரங்க ஒழுங்குமுறைகளும், 1966ஆம் ஆண்டு சுரங்கத் தொழிற்பயிற்சி விதிகளும் நடைமுறைக்கு வந்தன. பயிற்சியைக் கட்டாயமாக்கியவை இவற்றுள் கடைசியாகக் குறிப்பிடப்பட்ட விதிகளே.

தங்கவயல் கற்றுக்கொடுத்தவை

கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் கொண்டது. உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்றாக விளங்கியது. அந்த ஆழத்தில் பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. மேலிருக்கும் மலையளவு பாறையின் எடை அழுத்துவதால், சுரங்கச் சுவர் எந்த முன்னறிவிப்பும் இன்றித் திடீரென வெடித்துச் சிதறும் ‘பாறை வெடிப்பு’ அங்கு தீராத அச்சுறுத்தலாக இருந்தது. இதைப் பதிவு செய்ய 1912ஆம் ஆண்டிலேயே அங்கு நில அதிர்வுமானி நிறுவப்பட்டது. மரத் தாங்கிகள் போதாது என்பதை அனுபவத்தில் உணர்ந்து கருங்கல் சுவர்களும், பின்னர் கான்கிரீட் தாங்கிகளும் அமைக்கப்பட்டன.

பாறை வெடிப்பு கண்ணுக்குத் தெரிந்த ஆபத்து. அதைவிட அதிகமானோரைப் பாதித்தது கண்ணுக்குத் தெரியாத தூசி. 1940களில் தங்கவயல் தொழிலாளர்கள் சுமார் 7,600 பேரிடம் மேற்கொள்ளப்பட்ட மருத்துவ ஆய்வில், 40 சதவீதத்திற்கும் அதிகமானோருக்குச் சிலிக்கோசிஸ் எனும் நுரையீரல் நோய் இருப்பது தெரியவந்தது. இந்தியாவில் இந்நோய் குறித்து விரிவாகப் பதிவான தொடக்ககால ஆய்வுகளுள் இதுவும் ஒன்று.

2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் தேதி தங்கவயல் சுரங்கங்கள் மூடப்பட்டன. ஆனால், அங்கு பெற்ற அறிவு மூடப்படவில்லை. 1988ஆம் ஆண்டு தங்கவயலில் தொடங்கப்பட்ட தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் இன்று பெங்களூருவைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்குகிறது. சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்குநரகத்தின் தென் மண்டல அலுவலகமும், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் தொழில்சார் சுகாதாரத்துக்கான தெற்கு மண்டல மையமும் பெங்களூருவிலேயே உள்ளன. பெரிய சுரங்கம் எதுவும் இல்லாத இந்நகரம், தென்னிந்தியச் சுரங்கப் பாதுகாப்பின் முக்கிய மையமாக விளங்குவதன் பின்னணி இதுதான்.

கல்குவாரியும் சுரங்கமே

‘சுரங்கம்’ என்றதும் நிலத்தடிக் குகையே பலரின் நினைவுக்கு வருகிறது. சட்டத்தின் பார்வை வேறு. கனிமத்தை எடுப்பதற்காகத் தோண்டப்படும் திறந்தவெளிக் குழியும் சுரங்கமே. கட்டடக் கல், ஜல்லி, கிராவல், களிமண் போன்றவற்றை எடுக்கும் சிறிய குவாரிகளுக்கு 1952ஆம் ஆண்டுச் சட்டம் சில விலக்குகளை அளித்தது. ஆனால், திறந்தவெளிக் குழியைப் பொறுத்தவரை அதற்கு மூன்று நிபந்தனைகள் உண்டு:

• குழியின் ஆழம் எந்த இடத்திலும் 6 மீட்டரைத் தாண்டக் கூடாது.
• எந்த ஒரு நாளிலும் 50 பேருக்கு மேல் பணியாற்றக் கூடாது.
• வெடிபொருள் பயன்படுத்தக் கூடாது.

இவை மூன்றும் ஒருசேரப் பொருந்தினால் மட்டுமே விலக்கு உண்டு. பத்துப் பேர் மட்டுமே வேலை செய்யும் குவாரியாக இருந்தாலும், அங்கு வெடிவைத்துப் பாறை தகர்க்கப்பட்டால் அது முழுமையாகச் சுரங்கச் சட்டத்தின் கீழ் வந்துவிடும். பெங்களூரு, ஓசூர், கிருஷ்ணகிரி போன்ற வளர்ந்து வரும் நகரங்களின் கட்டுமானங்களுக்கு ஜல்லியும் எம்-சாண்டும் தரும் குவாரிகளில் வெடிவைப்பது வழக்கமான பணி. எனவே, அத்தகைய குவாரிகளில் துளையிடும் கம்ப்ரசர் தொழிலாளி முதல் டிப்பர் லாரி ஓட்டுநர் வரை அனைவரும் சட்டத்தின் பார்வையில் சுரங்கத் தொழிலாளர்களே. ஒப்பந்ததாரர் மூலம் வந்தவர் என்பதாலோ, தினக்கூலி பெறுபவர் என்பதாலோ இந்த நிலை மாறுவதில்லை. 18 வயது நிறைவடையாதவர்களை அங்கு பணியில் அமர்த்தவும் கூடாது.

பயிற்சியில் என்ன கற்பிக்கப்படுகிறது?

1966ஆம் ஆண்டு விதிகளின்படி, புதிதாகச் சேருபவருக்கு அடிப்படைப் பயிற்சியும், ஏற்கெனவே பணியில் இருப்பவருக்கு 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை புத்தாக்கப் பயிற்சியும் அளிக்கப்பட வேண்டும். நிலத்தடிப் பணி, திறந்தவெளிப் பணி, மேற்பரப்புப் பணி என வேலையின் தன்மைக்கு ஏற்பப் பாடங்களும் நாட்களும் வேறுபடும். வகுப்பறைப் பாடத்துடன் களப்பயிற்சியும் உண்டு. பயிற்சிக்கான ஏற்பாடு சுரங்க உரிமையாளரின் பொறுப்பு. தனியாகப் பயிற்சி மையம் நடத்த இயலாத சிறு சுரங்கங்கள் பல ஒன்றிணைந்து கூட்டாக ஒரு மையத்தை நடத்தவும் வழி உண்டு.

கல்குவாரித் தொழிலாளி அறிந்திருக்க வேண்டிய முக்கியப் பாடங்களைப் பின்வருமாறு தொகுக்கலாம்.

முதலாவது, பாறைச் சரிவு. குழியின் சுவரைச் செங்குத்தாக வெட்டிக்கொண்டே கீழே செல்லக் கூடாது. மேலிருந்து கீழாகப் படிக்கட்டு போன்ற அடுக்குகளாக வெட்டிச் செல்ல வேண்டும். ஓர் அடுக்கில் பாறை பெயர்ந்தாலும் அடுத்த அடுக்கு அதைத் தாங்கிக்கொள்ளும் என்பதே இதன் அடிப்படை. இளகிய மண்ணாக இருந்தால், சரிவு 45 டிகிரிக்கு மிகாமலோ, ஒவ்வோர் அடுக்கும் 1.5 மீட்டர் உயரத்துக்கு மிகாமலோ இருக்க வேண்டும் என ஒழுங்குமுறை கூறுகிறது. ஒவ்வொரு முறை வெடிவைத்த பின்னரும், மழை பெய்த பின்னரும், தளர்ந்து தொங்கும் பாறைகளைத் தட்டிக் கீழே தள்ளிய பிறகே மற்றவர்கள் அடியில் செல்ல வேண்டும்.

திருநெல்வேலி மாவட்டம் அடைமிதிப்பான்குளத்தில் 2022ஆம் ஆண்டு மே 14ஆம் தேதி இரவு, ஆழமான கல்குவாரியில் ராட்சதப் பாறை சரிந்து 6 பேர் சிக்கிக்கொண்டதையும், அவர்களில் 4 பேர் உயிரிழந்ததையும் தமிழகம் மறந்திருக்காது. சிவகங்கை மாவட்டம் மல்லாக்கோட்டையில் 2025ஆம் ஆண்டு மே 20ஆம் தேதி நிகழ்ந்த பாறைச் சரிவிலும் குறைந்தது 5 பேர் உயிரிழந்தனர். ஆழமான குழியில் சுவர் பெயர்ந்து விழும்போது, அடியில் நிற்பவர் ஓடித் தப்புவதற்குச் சில விநாடிகளே கிடைக்கும். ஆகவேதான், ‘எங்கே நிற்கக் கூடாது’ என்பது ‘எப்படி ஓட வேண்டும்’ என்பதற்கு முன்பே கற்பிக்கப்பட வேண்டிய பாடமாகிறது.

இரண்டாவது, வெடிவைப்பு. வெடிவைக்கும் இடத்தைச் சுற்றி 300 மீட்டர் ஆரத்துக்கு உட்பட்ட பகுதி ஆபத்துப் பகுதியாகக் கருதப்படுகிறது. எச்சரிக்கை ஒலி எழுந்ததும் அங்கிருந்து விலக வேண்டும். அல்லது உரிய பாதுகாப்புக் கூடத்துக்குள் செல்ல வேண்டும். வெடிப்பாளர் சோதித்து ‘பாதுகாப்பு’ என அறிவிக்கும் வரை யாரும் திரும்பக் கூடாது. வெடிக்காமல் தங்கிவிட்ட துளையை மீண்டும் துளையிடுவதோ, உள்ளிருக்கும் மருந்தைத் தோண்டி எடுப்பதோ உயிருக்கு உலை வைக்கும் செயல்.

மூன்றாவது, வாகனங்கள். திறந்தவெளிச் சுரங்கங்களில் டிப்பர், பொக்லைன் போன்ற கனரக வாகனங்களும் உயிரிழப்புக்கு முக்கியக் காரணமாகின்றன. ஓட்டுநரின் பார்வைக்கு எட்டாத பகுதிகள் எவை, பின்னோக்கி வரும் வண்டியின் எச்சரிக்கை ஒலி இயங்குகிறதா, பாதையின் ஓரத்தில் தடுப்பு மேடு உள்ளதா என்பவற்றை ஓட்டுநர் மட்டுமன்றி அருகில் நடந்து செல்பவரும் கவனிக்கப் பழக வேண்டும்.

இவற்றுடன் முதலுதவி, தலைக்கவசம், பாதுகாப்புக் காலணி, உயரத்தில் பணியாற்றுவோருக்கான இடுப்புப் பட்டை ஆகியவற்றின் பயன்பாடும் பாடத்தில் அடங்கும்.

தூசி எனும் மெதுவான விபத்து

விபத்து நிகழ்ந்தால் ஆம்புலன்ஸ் வரும், செய்தி வெளியாகும். தூசியால் ஏற்படும் பாதிப்பு அப்படி வெளியில் தெரிவதில்லை. கருங்கல்லைத் துளையிடும்போதும் உடைக்கும்போதும் எழும் தூசியில் சிலிக்கா கலந்திருக்கிறது. நுரையீரலின் ஆழம் வரை செல்லும் துகள்கள் சில மைக்ரான் அளவே இருக்கும். மனிதத் தலைமுடியின் தடிமனோடு ஒப்பிட்டால் அவை பத்தில் ஒரு பங்கும் இல்லை. கண்ணுக்குத் தெரியும் தூசிப் படலம் அடங்கிய பின்னரும் இத்துகள்கள் நெடுநேரம் காற்றில் மிதக்கும்.

நுரையீரலில் படியும் சிலிக்கா அங்கு தழும்புகளை உருவாக்குகிறது. மூச்சுத்திணறல் வெளிப்படப் பெரும்பாலும் 10 ஆண்டுகளுக்கு மேலாகும். தூசி மிகுந்த இடங்களில் சில ஆண்டுகளிலேயே நோய் முற்றிவிடலாம். ஒருமுறை ஏற்பட்ட தழும்பை நீக்கும் மருந்து இல்லை. காசநோய் தாக்கும் வாய்ப்பையும் சிலிக்கோசிஸ் அதிகரிக்கிறது. இரண்டின் அறிகுறிகளும் ஒத்திருப்பதால், குவாரித் தொழிலாளி காசநோய்க்கு மட்டும் சிகிச்சை பெற்று, உண்மையான காரணம் அறியப்படாமலேயே போகும் நிலையும் உண்டு. அதனால்தான், மருத்துவரிடம் செல்லும்போது தாம் செய்யும் வேலையையும் எத்தனை ஆண்டுகளாகச் செய்கிறோம் என்பதையும் சொல்வது இன்றியமையாதது.

குணப்படுத்த முடியாத இந்நோயைத் தடுக்க முடியும் என்பதே ஆறுதலான செய்தி. துளையிடும் இடத்தில் தண்ணீர் பாய்ச்சினால் தூசி எழும் முன்பே அடங்கும். கிரஷர் இயந்திரங்களை மூடி வைப்பது, பாதைகளில் தண்ணீர் தெளிப்பது ஆகியவையும் பலன் தரும். துண்டை வாயில் கட்டிக்கொள்வது இந்த நுண்துகள்களைத் தடுக்காது. தரமான வடிகட்டும் முகக்கவசம் தேவை. அதுவும் தூசியைக் கட்டுப்படுத்தும் ஏற்பாடுகளுக்கு அடுத்த நிலைப் பாதுகாப்பே ஆகும்.

1955ஆம் ஆண்டுச் சுரங்க விதிகளின்படி, வேலையில் சேரும்போதும் பின்னர் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறையும் உரிமையாளரின் செலவில் மருத்துவப் பரிசோதனை செய்யப்பட வேண்டும். அதில் மார்பு எக்ஸ்ரேயும் அடங்கும். சிலிக்கோசிஸ் அரசுக்குத் தெரிவிக்கப்பட வேண்டிய தொழில்சார் நோயாகும். இழப்பீடு கோரத்தக்க நோயும் ஆகும்.

எங்கே இடைவெளி?

சட்டத்தில் இவ்வளவு இருந்தும் விபத்துகள் தொடர்வதற்குக் காரணங்கள் உண்டு. குவாரிகளில் ஆட்கள் அடிக்கடி மாறுகின்றனர். பயிற்சி பெற்றவர் வேறிடம் சென்றுவிட, அவரிடத்தில் வருபவர் அன்றே வேலையில் இறக்கப்படுகிறார். உரிமம் காலாவதியான, அல்லது உரிமமே இல்லாத குவாரிகளில் பயிற்சி என்ற பேச்சுக்கே இடமில்லை. சில இடங்களில் பயிற்சி, பதிவேட்டில் பெறப்படும் ஒரு கையெழுத்தோடு முடிந்துவிடும் அபாயமும் உள்ளது.

மொழி மற்றொரு தடை. கர்நாடகக் குவாரி ஒன்றில் தமிழ், கன்னடம், தெலுங்கு, இந்தி, ஒடியா பேசுவோர் ஒரே குழுவாக வேலை செய்வது இயல்பு. எச்சரிக்கைப் பலகை ஒரு மொழியில் மட்டும் இருந்தால் மற்றவர்களுக்கு அது வெறும் தகடுதான். சட்டத்தின் சுருக்கம் ஆங்கிலத்துடன் உரிய பிற மொழிகளிலும் சுரங்கத்தின் அருகே ஒட்டப்பட வேண்டும் என 1952ஆம் ஆண்டுச் சட்டமே வலியுறுத்தியது. பயிற்சிக்கும் இதே அளவுகோல் பொருந்த வேண்டும். ‘விலகு’ என்ற ஒரு சொல் புரியாமல் போனால், மற்ற பாடங்கள் எதுவும் பயன்படாது.

புதிய சட்டத் தொகுப்பு

பணியிடப் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணி நிலைமைகள் தொடர்பான 2020ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு, 2025ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் தேதி நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்டது. 1952ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டம் உள்ளிட்ட பல சட்டங்கள் இதில் இணைக்கப்பட்டுள்ளன. பணியாளருக்கு நியமனக் கடிதம் வழங்குவதும், வரையறுக்கப்பட்ட பிரிவினருக்கு ஆண்டுதோறும் கட்டணமின்றி மருத்துவப் பரிசோதனை செய்வதும் இதன்படி நிறுவனத்தின் கடமைகள். உடனடி ஆபத்து இருப்பதாக நியாயமான அச்சம் ஏற்பட்டால், தொழிலாளி அதை நிறுவனத்தின் கவனத்துக்குக் கொண்டுவரவும் ஆய்வு அதிகாரிக்குத் தெரிவிக்கவும் உரிமை உண்டு. பழைய விதிகள், புதிய தொகுப்புக்கு முரண்படாத அளவில், மாற்று விதிகள் வரும் வரை தொடரும்.

தொழிலாளி கேட்க வேண்டிய கேள்விகள்

குவாரியிலோ சுரங்கத்திலோ பணியாற்றுவோரும் அவர்களது குடும்பத்தினரும் பின்வருவனவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது:

• வேலையில் சேரும் முன் எனக்குரிய பயிற்சி எங்கே, எப்போது அளிக்கப்படும்? அதற்கான சான்று கிடைக்குமா?
• பயிற்சி எனக்குப் புரியும் மொழியில் நடைபெறுமா?
• பணியில் சேருவதற்கு முன் மார்பு எக்ஸ்ரே எடுக்கப்பட்டதா? அதன் நகல் என்னிடம் உள்ளதா?
• இங்கு வெடிவைப்பவர் தகுதிச் சான்றிதழ் பெற்றவரா?
• துளையிடும்போது தண்ணீர் பயன்படுத்தப்படுகிறதா?
• ஆபத்தைக் கண்டால் யாரிடம் தெரிவிக்க வேண்டும்?

100 பேருக்கு மேல் பணியாற்றும் சுரங்கங்களில் பாதுகாப்புக் குழு அமைக்கப்பட வேண்டும் என்றும், 500 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணியாற்றும் சுரங்கங்களில் தொழிலாளர் தரப்பு ஆய்வாளர்கள் இருக்க வேண்டும் என்றும் 1955ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. சிறு குவாரிகளில் இத்தகைய அமைப்புகள் இல்லை. அங்கு பணியாற்றுவோருக்கு, தாம் பெற்ற பயிற்சியே முதல் பாதுகாப்பு. புகார் இருப்பின், கர்நாடகத்தில் உள்ளோர் பெங்களூருவில் உள்ள தென் மண்டலச் சுரங்கப் பாதுகாப்பு அலுவலகத்தை அணுகலாம்.

கோலாரில் 52 பேர் உயிரிழந்த பின்னரே நாட்டுக்கு ஒரு சுரங்கச் சட்டம் கிடைத்தது. அதன் வழியில் பயிற்சி விதிகளும் பின்னர் வந்தன. ஒவ்வொரு குவாரியிலும், ஒவ்வொரு புதிய தொழிலாளியும் குழிக்குள் இறங்கும் முன்பாக அவை பின்பற்றப்படுகின்றனவா என்பதை உறுதி செய்வதே உரிமையாளர்கள் மற்றும் ஆய்வு அதிகாரிகளின் முன்னுள்ள கடமை.